சூளை ஆறும் முன்

என் கணவர் என்னைக் கேலி செய்வதற்கென்றே ஒரு பேச்சு வைத்திருக்கிறார். "இவ பரவால்லீங்கன்னு சொல்லிப்போட்டா, எதிராளி எந்திரிச்சு ஓடி அந்தக் காரியத்த முடிச்சுட்டுத்தான் உக்காரோணும்." கோயமுத்தூர்க்காரிக்குப் பணிவான பேச்சு பிறவியிலேயே வருவது. அதை வைத்து ஒருவரை நெருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. விருத்தாசலம் போய் வந்ததிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் பீங்கான் வகுப்புக்குப் போகிறேன். கோணல்மாணலாகக் கோப்பை செய்து சொந்தக்காரர்கள் தலையில் கட்டுவது என் வழக்கம். பீங்கானையே பிழைப்பாகக் கொண்ட ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை. வகுப்பு ஆசிரியை அங்கே தனக்குத் தெரிந்த ஒரு கணவன் மனைவியிடம் சொல்லி வைத்தார். கார்த்திகை தீபம் நெருங்கும் சமயத்தில் கிளம்பிப் போனேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதன் கோடியில் சூளை. அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றிக் காட்டினாள். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உள்பக்கம் தோசை கனத்துக்கு ஒரு தோல் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால் நிற்பது விளக்கு. என்னையும் ஊற்றச் சொன்னாள். பாதி என் புடவையில்தான் விழுந்தது.

மத்தியானம் சாப்பாடும் போட்டார்கள். சாப்பிடும்போது அவள் கணவர் சூளையைக் காட்டிச் சொன்னார். உள்ளே இருப்பதெல்லாம் ஒரு கடைக்காரர் கேட்டிருந்த தீப விளக்குகள். "இது நல்லா வந்துட்டா எங்களுக்கும் கார்த்திகதாம்மா." நெருப்பை அணைத்தாகிவிட்டது, ஆனால் சூடு தானாக இறங்க வேண்டும், மறுநாள் காலையில்தான் வாசலைப் பிரிக்கலாம் என்றார்.

எனக்கு அன்று சாயங்காலமே ரயில். மறுநாள் கிணத்துக்கடவில் நாத்தனார் பேத்திக்குச் சீர். போகாவிட்டால் அந்தப் பேச்சு என் காலத்துக்கும் ஓயாது.

"பரவால்ல கண்ணு" என்றேன் அவளிடம். "இத்தன தூரம் வந்துபோட்டு, சூளை பிரிக்கறதப் பாக்காமப் போறேன். எனக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதானுங்க."

சொல்லும்போது முகத்தையும் கொஞ்சம் தொங்கப்போட்டேன். அதை மறைப்பானேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஓரளவுக்கு ஆறியிருக்கும்" என்று அவர் எழுந்து போய், வாசலை அடைத்திருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காக விளக்குகள். நான் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டிங், டிங் என்று சன்னமாக ஒரு சத்தம், பிறகு பல சத்தம், கொலுசு போட்ட குழந்தைகள் ஓடுவது மாதிரி.

"எத்தன நல்லா இருக்குதுங்க! என்னங்க சத்தம்?" என்று கேட்டேன்.

"ஆறும்போது அப்படித்தாம்மா" என்றாள் அவள்.

நான் கிளம்பும் நேரத்தில் துணியால் பிடித்து ஒரு விளக்கை எடுத்தாள். நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டாள். அதை வைத்துவிட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. இருப்பதிலேயே அழகானதை எனக்காகத் தேடுகிறாள் என்று பூரித்துப்போய் நின்றேன். ஒருவழியாக ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

சீருக்குப் போய் வந்த சாயங்காலம், என் பெருமையைக் கணவருக்குக் காட்ட வீடியோவை டி.வி.யில் போட்டேன். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"ஏம்புள்ள, பின்னால அவிய என்னமோ பேசறாங்க பாரு. திருப்பிப் போடு" என்றார் கணவர்.

திருப்பிப் போட்டேன். என் குரலுக்கு அடியில் அந்த மனிதரின் குரல்: "வெடிக்குதுடி." உடனே அவள்: "சும்மா இருங்க. காதுல வுழுந்தா அந்த அம்மா சங்கடப்படும்."

டி.வி.யை அணைத்தேன். சுண்டிப் பார்ப்பது எதற்கென்று எனக்குத் தெரியும். வகுப்பில் முதலில் சொல்லித் தந்ததே அதுதான். விரிசல் விட்ட பீங்கான் மந்தமாகத்தான் ஒலிக்கும். அவள் அத்தனை நேரம் தேடியது விரிசல் விடாத ஒரு விளக்கை. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். ஆக்கியவர்கள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். விருந்துக்குப் போன எனக்குத்தான் பொறுக்கவில்லை. கணவர் கேலி எதுவும் செய்யாமல் எழுந்து உள்ளே போனார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் போன் செய்தேன். அவள் எடுத்ததும், விளக்கெல்லாம் கடைக்குப் போய்விட்டதா என்றுதான் விசாரித்தேன். அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்துவிட்டது என்று சொன்னால், எனக்காக அவள் மறைத்தது வீணாகிப்போகும். இதுவும் எனக்கு வசதியான ஒரு சாக்குதானோ என்னவோ.

"எல்லாம் நல்லபடியாப் போச்சும்மா" என்றாள் அவள். "வெளக்கு ஏத்துனீங்களா?"

"ஏத்துனேனுங்க. நல்லா எரியுதுங்க." விளக்கு அலமாரியில் பேப்பர்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"சந்தோசம்மா. அடுத்த தபா ஒரு நாள் தங்குற மாதிரி வாங்க."

சரிங்க என்றேன்.