எல்லைச் சந்தையில் ஓர் உப்புக் கடை

நான் இரண்டு வேலை பார்த்தவன். ஒன்று, பெங்களூரில் ஒரு பட்டறையில் லேத் மெஷின். இன்னொன்று, அந்த வேலைக்குப் போகவர ரயிலில் உட்கார்ந்தபடி பார்த்தது: ஒரு பேரரசின் எல்லைச் சந்தைக்குச் சேர்மன். பேரரசு போனுக்குள் இருக்கிற விளையாட்டுதான். ஆனால் பதவி தேர்தலில் வருவது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கடைக்காரர்கள் ஓட்டுப் போடுவார்கள். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. இப்போது எங்கள் ரயிலில் புதிதாக ஆட வருகிறவர்கள் அந்தப் பதவிக்கு ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் வந்த புகார்

எங்கள் சந்தையின் பெயர் கல்வாசல். பேரரசின் கடைசிச் சுவர் அது. வாசலுக்கு உள்ளே கடைகள், வெளியே திருடர் காடு, காட்டுக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று உப்பு ஏரி. மாரிக்குப்பத்தில் எங்கள் ரயில் கிளம்பும் நேரம் அங்கே வாசல் திறக்கும். இந்தப் பக்கம் ஜன்னலில் மூடிய தங்கச் சுரங்கம் விட்டுப்போன சயனைடு மண்மேடு, அந்தப் பக்கம் உள்ளங்கையில் ஒரு தேசம். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பல நாள் திருதிருவென்று விழித்திருக்கிறேன்.

பதவியேற்ற அன்றே தினேஷ் கூப்பிட்டார். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், கல்வாசலில் காடு தாண்டிச் சரக்கு ஏற்றிவரும் வண்டிக்காரர்.

"சேர்மன் அண்ணே, வாசல் பக்கத்துல உப்புக் கடை இருக்குதே, அது செத்த கடைண்ணே. தினமும் ஒரே ஆளு, ஒரே பொட்டலம். கடைக்காரரும் வாங்கற ஆளும் ஒரே வூடு. ரூல் இன்னா சொல்து?"

தன் கடையில் தானோ தன் வீட்டாரோ வாங்குவது வியாபாரம் ஆகாது. ஏழு நாள் வியாபாரம் இல்லாத கடையைச் சேர்மன் நீக்கி, வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். ரூல் அதுதான். அடுத்து நின்றவர் தினேஷ்.

கடைக்காரர் பெயரைப் பார்த்தேன். ரவி. மாரிக்குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷனான கோரமண்டல் ஆள். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்கு நானே போயிருந்தேன்.

விசாரணை

ரவியின் மனைவி செல்வி இப்போது அதே ரயிலில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறார். கோரமண்டல் பிளாட்பாரத்தில் பிடித்துக் கேட்டேன்.

"ரவி கடையில உப்பு வாங்கறது யாரு?"

"நான்தாண்ணே. தப்பா?"

"உப்பு எதுக்கும்மா?"

"உப்பு யாருக்கு வேணும். வாங்கினா அவரு எழுதி வெச்சது வரும்."

தன் போனில் ஒரு பொட்டலம் வாங்கிக் காட்டினார். திரையில் ரவி கடையின் வரவேற்பு வந்தது: 'வாங்க, இன்னா வேணும்? மெதுவா பாருங்க, ரயில் இன்னும் வரல.' ரவி இருக்கும்போது இதை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். நின்று படித்ததில்லை.

"கடை போச்சுன்னா இதுவும் போய்டுமாண்ணே?"

"போய்டும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிக்கயேன்."

"வெச்சிருக்கேன். அது போட்டோ. இது அவரு கூப்புடறது."

நான் செய்த தவறு

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஒரு துக்கம் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆளுக்கொரு பாத்திரத்தோடு போய் வாசலில் நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். அன்று சாயங்கால ரயிலில், சந்தையின் குரூப்பில் செல்வியின் கதையை எழுதி, 'எல்லாரும் ரவி கடையில் வாங்குங்கள்' என்று போட்டேன். வேறு ஆட்கள் வாங்கினால் கடை உயிரோடு இருக்கும் என்று கணக்கு.

பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் தினேஷ் கூப்பிட்டார்.

"இன்னாண்ணே செஞ்சி வெச்சிருக்கீங்க? ரவி சேத்து வெச்ச உப்பு அத்தனையும் போச்சு. காலைல எட்டு மணி பெல்லுக்குக் கடை காலியா இருந்தா தானா எனக்கு வந்துடும். எனக்கு இப்படி வேணாம்ண்ணே."

கடைக்காரரின் போனிலிருந்து தவிர வேறு யாரும் சரக்குப் போட முடியாது. உப்பு எடுக்க வெளியே போக வாசலும் பூட்டியாகிவிட்டது. கோரமண்டலில் இறங்கி செல்வியிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேண்ணே. ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க."

உப்பு ஏரிக்கு

மறுநாள் காலை ரயிலில் ரவியின் போனோடு வந்தார். விளையாட்டில் அவர் வண்டி ஓட்டியதே இல்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்தேன், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவரிடம் பேச வேண்டுமென்று தினேஷ் என் போனுக்குக் கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நான் தினேஷு. உங்க வண்டி கூட வரட்டுமா? வேணாம்னா இங்கயே நிக்கிறேன்."

செல்வி என் போன் பக்கம் குனிந்தார். "வாப்பா."

இரண்டு வண்டிகளும் காட்டைத் தாண்டின, ஏரியில் உப்பு ஏற்றின. திரும்பி நடுக்காட்டுக்கு வந்தபோது எங்கள் ரயில் டேக்கல் பாறைகளுக்குள் நுழைந்தது. சிக்னல் போனது. தினேஷின் குரல் பாதியில் அறுந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போகிற ஒவ்வொரு பாறையையும் மனசுக்குள் தள்ளினேன்.

மாலூருக்கு முன்னால் சிக்னல் வந்தது. செல்வியின் வண்டி அப்படியே நின்றது. பக்கத்தில் தினேஷின் வண்டி எரிந்துகொண்டிருந்தது. தினேஷ் திரும்பக் கூப்பிட்டார்.

"திருடனுங்க வந்தானுங்கக்கா. நான் குறுக்க நின்னுட்டேன். நீங்க போங்க, போங்க."

எட்டுக்குச் சில நிமிடம் இருக்கும்போது செல்வி வாசலுக்குள் வந்தார். ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து அடுக்கினார். மொத்தமாக இறக்க ஒரு வழி உண்டு. என் கை பரபரத்தது.

"காட்டட்டுமாம்மா?" என்றேன்.

"வேணாம்ண்ணே. நானே வெக்கறேன்."

பெல் அடித்தது. கடை பிழைத்தது. முதல் பொட்டலத்தை வாங்கியவர் தினேஷ். அவர் திரையில் வந்ததை, இன்னும் ஷட்டர் தூக்காத தன் கடைக்குள்ளிருந்து சத்தமாகப் படித்தார்: "வாங்க, இன்னா வேணும்? மெதுவா பாருங்க, ரயில் இன்னும் வரல."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார், "இன்னொரு வாட்டி படிப்பா."

தேர்தல்

தினேஷ் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். செல்வி இப்போது வாரம் ஒருமுறை ஏரிக்குப் போய் வருகிறார், தனியாகவே. அடுத்த தேர்தலில் தினேஷ் என்னை எதிர்த்து நின்று ஜெயித்தார். சேர்மன் வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். அதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, தோற்ற மறுநாள் ரயிலில் செல்வி சொன்ன பேச்சு.

"நான் தினேஷுக்குதாண்ணே போட்டேன். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுல்ல."

"பரவால்லம்மா. நானும் நல்லதுதானே நெனச்சேன்."

"நெனச்சீங்க. தினேஷு கேட்டாரு."

சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உக்காரட்டுமா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "உக்காருங்கண்ணே."