மண்டோர் எங்கே பசியாறுவது?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. மம்பா ஊரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி. அதாவது, நிழலில் உட்கார்ந்துகொண்டு, வெயிலில் நிற்பவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதிவைப்பவன்.

அந்த ஆண்டு போர்டிக்சனில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலுக்கு என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊழியர்களின் வேலையை அர்த்தமுள்ளதாக்குவது எப்படி என்பது தலைப்பு. பொறுப்பைக் கூட்ட வேண்டும், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்க வேண்டும், வேலை செழிக்கும் என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னது எதுவும் நினைவில்லை. சாப்பாடு நினைவிருக்கிறது.

திரும்பி வந்ததுமே என் ஞானத்துக்கு வேலை வந்தது. மருந்தடிக்கும் பெண்களிடம் வேலை வாங்கிய மண்டோர் ஓய்வு பெற்றுவிட்டார். ஐந்து பெண்கள். முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கு மருந்தடிப்பவர்கள், பல வருஷமாக ஒரே கூட்டம். மாதக் கடைசிக்குள் புது மண்டோர் அமையாவிட்டால் அந்த வேலையைக் குத்தகைக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஐவரையும் ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போட்டுவிடலாம் என்பது மேனேஜரின் யோசனை. அவர் டவுன் பக்கம் லோபாக்கிலிருந்து வரும் இளைஞர், கெட்டவர் இல்லை. ஐந்து பேரைப் பிரிப்பதும் ஐந்து நாற்காலியை இடம் மாற்றுவதும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த ஐவரில் ஒரு அம்மாவுக்கு மண்டோர் பதவி பொருத்தமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். தோட்டத்தில் எந்தக் காட்டில் எப்போது மருந்தடிப்பது என்பதை இனி நீங்களே முடிவு செய்யலாம், யாரும் மேலே நின்று கத்த மாட்டார்கள், வேலையில் ஒரு அர்த்தம் இருக்கும் என்றெல்லாம் பேசினேன். என் பேச்சில் நானே மயங்கியிருந்த நேரத்தில் அவர் கேட்டார்:

"அதெல்லாம் சரிதான் ஐயா. மண்டோரு ஆனா நான் எங்க குந்தி பசியாறுறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பத்து மணிக்குப் பசியாறும்போது பெண்கள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி மிளகாய்ச் சம்பலை இன்னொருத்தி தட்டில் போட்டு, ஊர்க்கதை பேசிச் சாப்பிடுவார்கள். மண்டோர் மட்டும் தள்ளி, மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். யாரும் போட்ட சட்டமில்லை. யாருடைய குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டோமோ அவரை எப்படித் திட்டுவது என்ற சங்கடத்தில் எப்போதோ தோன்றிய வழக்கமாக இருக்கலாம். அந்த அம்மாவின் கூட்டாளிகள் அதற்குள் கிண்டலை ஆரம்பித்துவிட்டார்களாம். "ஒனக்கென்னலா, மோட்டர் மேல ஏறிக் குந்திக்கிட்டு கோழிக்கால் கடிப்ப. நாங்க இங்கேருந்து வாயப் பாத்துக்கிட்டு இருப்போம்" என்றாளாம் அவருடைய உயிர்த்தோழி.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். வெளிக்காட்டு வேலையிலிருந்து ஆபீசுக்கு ஏறிய நாளிலிருந்து நானும் அலமாரிக்குப் பின்னால் ஒரு புத்தகத்தோடு தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அதை வாசிப்புப் பழக்கம் என்று பெருமையாக நினைத்திருந்தேன். உண்மையில் என்னை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அந்த அம்மா மண்டோராக இருப்பார், ஆனால் பெண்களோடுதான் உட்கார்ந்து சாப்பிடுவார் என்றேன். கூட உட்கார்ந்தால் சொல்பேச்சு கேட்பார்களா, கட்டுப்பாடு என்ன ஆகும் என்று கேட்டார். ஆபீஸ் காற்றாடியின் வேகத்தைத் தவிர வேறெதற்கும் வாதாடிப் பழகாத நான், "ஒரு மாசம் பாப்போம் தம்பி" என்று சொல்லிவிட்டேன். தம்பி என்றது வாய் தவறி. அவர் சிரித்துவிட்டார். ஒரு மாதம் கிடைத்தது. அந்த அம்மாவும் அரைமனதாகச் சம்மதித்தார்.

இரண்டாவது வாரத்திலேயே சோதனை வந்தது. அதே உயிர்த்தோழி முகக்கவசம் இல்லாமல் மருந்தடிக்க வந்து நின்றாள். மறந்துவிட்டதாம், ஒரு நாள்தானே என்றாள். புது மண்டோர் யோசித்துப் பார்த்துவிட்டு, அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைய வேலை அவளுக்கு இல்லை. அவள் பேசாமல் போனாளாம். அதுதான் பயமாக இருந்தது என்றார்கள் மற்றவர்கள். அவள் பேசாமல் போய் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, மேற்பார்வை என்ற சாக்கில் நான் காட்டுக்குப் போனேன். நால்வரும் மரத்தடியில். தோழி முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். புது மண்டோர் கையில் சாப்பாட்டு டப்பாவோடு, தன் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டப்பாவைத் திறக்கவில்லை. ஏறியும் உட்காரவில்லை. அங்கே போகவும் கால் வரவில்லை. நல்லா இருந்த கூட்டத்தைப் பயிற்சிக்குப் போய்வந்து கலைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தோழி திரும்பாமலே பேசினாள். "மண்டோரம்மாவுக்கு எங்ககூட எடம் புடிக்கலையா? கொழம்பு ஆறுது."

அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். தோழி அவர் டப்பாவில் மீன்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு நீ மாஸ்க்கு மறந்துட்டு வா, ஒன்னையும் வீட்டுக்கு அனுப்புறேன். என்னா?"

"அனுப்புலா" என்றார் மண்டோர். அவர் கண்ணைத் துடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். சம்பல் காரம் என்று யாரோ உதவிக்கு வந்தார்கள்.

பிறகு தோழி என்னைப் பார்த்தாள். "கிராணி ஐயா, நீங்க ஏன் செம்பனை மரமாட்டம் நிக்கிறீங்க? குந்துங்க."

குந்தினேன். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அந்தக் கூட்டம் இன்றும் பிரியவில்லை. எந்தக் காட்டில் எப்போது மருந்தடிப்பது என்று அந்த வட்டத்தில்தான் சண்டைபோட்டு முடிவெடுக்கிறார்கள். கடைசி வார்த்தை மட்டும் மண்டோருடையது. நானும் வாரத்தில் ஒருநாள் போய் உட்கார்கிறேன், இப்போதெல்லாம் யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஒருவருக்குப் பெரிய பொறுப்பைக் கொடுக்கும்போது, கூடவே அவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறோம் என்பதையும் கேட்டுவிட வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் சொல்லியிருக்கலாம். ஒருவேளை நான் தூங்கிய நேரத்தில் சொல்லியிருந்தாலும், எனக்கு அது புரிந்தது மரத்தடியில் ஈர மண்ணில் உட்கார்ந்த அன்றுதான்.