நேர்கோட்டில் நாலரை, சாலையில் பதினொன்று

மதுரையைச் சுற்றி நான்கு திசையிலும் போய் எழுதிவிட்டீர்கள், உசிலம்பட்டி, எழுமலைப் பக்கம் மட்டும் ஏன் ஒரு வரிகூட இல்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேரம் அமையவில்லை என்று பதில் போட்டேன். அது பொய். ஓய்வு பெற்று மூன்று வருடமாக என்னிடம் நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பக்கம் போகக் கூசியதுதான் காரணம். சென்ற தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூச்சத்தோடேயே கிளம்பினேன்.

கோச்சடையில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். 7.10க்கு உசிலம்பட்டி பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சம், 8.25க்கு இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்று இட்லியும் ஒரு கல்தோசையும் ஐம்பத்தைந்து ரூபாய். சட்னி உறைப்பு அதிகம், வயிற்றுக் கோளாறு உள்ளவர்கள் சாம்பாரோடு நிறுத்திக்கொள்ளவும். 9.05க்கு எழுமலை டவுன் பஸ். நாற்பது நிமிடம், பதினைந்து ரூபாய். இடது பக்க ஜன்னல் வேண்டாம், காலையில் வெயில் முகத்தில் அடிக்கும்.

நான் போக வேண்டிய ஊர் எழுமலைக்கு அப்பால் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே பார்ப்பதற்குக் கோயில் கோபுரமோ அருவியோ கிடையாது. எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு நடுநிலைப்பள்ளி இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் ஒரு துறையில் பிரிவு அலுவலராக இருந்தவன். கொள்கையை மேலே இருப்பவர்கள் அறிவிப்பார்கள். செய்தித்தாளில் அவர்கள் படம் வரும். ஆனால் எந்த அறிவிப்பும் ஊருக்குப் போய்ச் சேர ஒரு விதி வேண்டும், விதிக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை ஏதோ ஒரு மேசையில் ஒருவன் உட்கார்ந்து எழுதுவான். நடுநிலைப்பள்ளிகளை உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்த்தும் விதியில் அந்த ஒருவன் நான். மாவட்டத்திலிருந்து வந்த குறிப்பில், 'மாணவர் நடந்து செல்லும் பாதையில் ஐந்து கிலோமீட்டருக்குள் வேறு உயர்நிலைப்பள்ளி இல்லாதிருந்தால்' என்று இருந்தது. நீளமாக இருக்கிறதே என்று, 'ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள்' என்று சுருக்கினேன். யாரும் என்னைச் சுருக்கச் சொல்லவில்லை. மேலே போன ஃபைல் திருத்தமில்லாமல் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்கு அதில் பெருமைகூட.

அதன்பிறகு வரைபடத்தில் வட்டம் போட்டுத்தான் பார்த்தார்கள். எழுமலை உயர்நிலைப்பள்ளியைச் சுற்றிப் போட்ட வட்டத்துக்குள் இந்த ஊர் விழுந்தது.

எழுமலையில் ஓர் ஆட்டோ பேசினேன். போய்க் காத்திருந்து திரும்ப நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்குப் படிந்தது. மீட்டரெல்லாம் கிடையாது என்பதால் கைபேசியில் தூரத்தைப் போட்டுக்கொண்டேன். சோளக் காடும் பருத்தியுமாகக் கொஞ்ச தூரம் போனதும் கண்மாய்க் கரை வந்தது. எதிர்க்கரையில் ஊர் தெரிந்தது, வீட்டுச் சுவரின் நிறம்கூடத் தெரிந்தது. ஆட்டோ வடக்கே திரும்பிவிட்டது.

"ஊரு அந்தா இருக்குல்ல, எங்கண்ணே போறீங்க?" என்றேன்.

"கண்மாயச் சுத்தணும்ல சார். அங்கிட்டு ஓடை வேற. பாலம் வரும் வரும்னாக, வரல. மழை நேரத்துல இன்னும் சுத்து." கொஞ்ச நேரம் கழித்து, "யாரு வீட்டுக்கு?" என்று கேட்டார்.

பாண்டியம்மாள் என்றேன். "சத்துணவு சமைக்கிற பாண்டியம்மாளா? அப்ப பள்ளிக்கூடத்துலயே இருக்கும்."

ஊருக்குள் நின்றபோது கைபேசி காட்டிய தூரம் 11.2 கிலோமீட்டர். அதே கைபேசியில் நேர்கோடு போட்டுப் பார்த்தேன். 4.5.

பாண்டியம்மாளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, கையெழுத்துத்தான் பழக்கம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவள் எங்கள் துறைக்கு ஒரு மனு எழுதினாள். கோடு போட்ட நோட்டுத்தாள். 'கண்மாயில் நிற்கும் கொக்கு எழுமலைக்குச் சீக்கிரம் போய்விடும். நாங்கள் சுற்றிப் போக வேண்டும். அதனால் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வைத்துத் தரவும்.' விதியில் இடமில்லை. அந்த விதியை எழுதியவன் என்பதால் எனக்கு அது நன்றாகவே தெரியும். ஃபைலை அன்றே முடித்தேன். ஆனால் ஒரு சின்னப் பிள்ளைக்கு 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. 'தங்கள் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இரக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்றேன். பாண்டியம்மாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்தார். மகளும் கூடவே வந்தாள். அதே பள்ளியில் இப்போது எட்டாம் வகுப்பு. அந்த மனு போன துறையில் வேலை பார்த்தவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். உடனே மகளை வீட்டுக்கு ஓடச் சொன்னார். பாலிதீன் உறையில் என் கடிதம் வந்தது.

"கையெழுத்துப் போட்டவரு யாருன்னு தெரியாது சார். ஆனா நல்ல மனுசன். சின்னப்பிள்ளைதானேன்னு பாக்காம 'தங்கள்'னு எழுதிருக்காரு" என்றார் பாண்டியம்மாள். "உசிலம்பட்டில எங்க அத்தை வீட்டுல விட்டு என்னையப் படிக்க வைக்கத்தான் எங்கய்யா இருந்தாரு. இது வரவும், 'இங்கனயே பள்ளிக்கூடம் வரப்போகுது, ஒரு வருசம் பொறு'ன்னாரு. அம்புட்டுத்தான். ஒரு வருசம் ரெண்டாச்சு, பருத்தி எடுக்கப் போயிட்டேன்."

"அது என் கையெழுத்தும்மா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "அப்ப எப்ப சார் வரும்?" என்று கேட்டார்.

"வராதும்மா. அதை எழுதுன அன்னைக்கே ஃபைலை மூடிட்டேன்."

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாண்டியம்மாள் சொன்னார், "அப்ப அதைய எழுதித் தாங்க."

புரியாமல் விழித்தேன். "இவளை உசிலம்பட்டி ஹாஸ்டல்ல விட்டு ஒம்பதாப்பு சேக்கணும்ங்கிறேன். இவ அப்பா இந்தக் காயிதத்தக் காட்டுறாரு. கெவருமெண்டே எழுதிக் குடுத்திருக்கு, எதுக்கு வயசுப்பிள்ளைய வெளியூருக்கு அனுப்பணும்ங்கிறாரு. இல்லைன்னு எழுதிக் குடுத்தா நம்புவாரு."

நான் ஓய்வு பெற்றவன், என் எழுத்துக்கு இப்போது மதிப்பில்லை என்றேன்.

"இதுக்கு மட்டும் என்ன மதிப்பு இருந்துச்சு சார்? இருபத்திரண்டு வருசம் நம்புனோம்ல."

மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். 'தங்கள் கோரிக்கை கவனமுடன் ஆராயப்பட்டதில்' என்று பேனா தானாக ஓடியது. எட்டிப் பார்த்த மகள், "வருங்கிறீகளா, வராதுங்கிறீகளா?" என்று கேட்டாள். கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாளில் எழுதினேன்: 'நான் எழுதிய விதி மாறும்வரை உங்கள் ஊருக்கு உயர்நிலைப்பள்ளி வராது. முன்பு நான் அனுப்பிய கடிதத்தை நம்ப வேண்டாம். மகளைக் காத்திருக்க வைக்காமல் அனுப்பிவிடுங்கள்.' பெயர், பழைய பதவி, தேதி எல்லாம் போட்டேன். பாண்டியம்மாள் இரண்டு முறை படித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தார். பழைய கடிதத்தை என்னிடம் நீட்டினார். "இதைய நீங்களே கொண்டுட்டுப் போயிருங்க. வீட்டுல இருந்தா மறுபடி எடுத்துருவாரு."

மாலை 5.40க்கு ஆரப்பாளையம் வந்து சேர்ந்தேன். உண்டது, பயணித்தது எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கையில் வேண்டும், எழுமலைக்கு அப்பால் கடை கிடையாது. மினி பஸ் காலை பத்தரைக்கும் மாலை ஆறுக்கும்தான். பள்ளிக்கு இரண்டுமே உதவாது. கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் கொக்குகள் நிறைய வரும். கைபேசி காட்டும் நேர்கோட்டை நம்பி நடக்க ஆரம்பிக்காதீர்கள்.

இதைப் படிப்பவர்களில் இன்னும் பதவியில் இருப்பவர்களும் உண்டு என்று தெரியும். விதி எழுதும் முன் ஒரு முறை அந்த வழியில் போய்ப் பாருங்கள். முந்நூற்றைம்பது ரூபாய்தான் ஆகும். விதியை மாற்றச் சொல்லி நானும் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன், சாதாரணத் தபாலில், எல்லோரையும் போல. விடுதிச் சேர்க்கை ஜூனில். அந்த அப்பா என் தாளைப் படித்தாரா, நம்பினாரா என்று தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

பழைய கடிதம் என் மேசையில் இருக்கிறது. மொத்தமே ஒரு வரி. கீழே முக்கால் பக்கம் வெற்றுத்தாள். 'இல்லை' என்று எழுத இடமில்லாமல் போகவில்லை.