புதுப் பொயிலரும் என் தோசைமா வாளியும்

இந்த நாட்டு வீடுகளில் துணிகளுக்கென்று ஒரு சூடான அலுமாரி இருக்கிறது. மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில், குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு செப்புத் தாங்கி. கீழே சமைக்கிற குசினியில் இருக்கிற பொயிலர் சூடாக்குகிற தண்ணீர் அதில்தான் நிற்கும். தாங்கிக்கு மேலே பலகைத் தட்டுகள். வெள்ளைக்காரர் அதில் குளித்துத் துடைக்கிற துவாயும் படுக்கை விரிப்பும் அடுக்கி இளஞ்சூட்டில் வைப்பார்கள். எயாரிங் கபேட் என்று பெயர். மனிதருக்கே வெயில் கிடையாத ஊரில் துவாய்க்கு வெயில் பிடிக்கிறார்களே என்று முதன்முதல் பார்த்தபோது நினைத்தேன். லண்டனில், மனோர் பார்க்கில் இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு தட்டுத் துவாய்களை வெளியே எடுத்துவிட்டு என் தோசைமா வாளியை உள்ளே வைத்தேன்.

ஊரில் மா புளிக்கவில்லை என்று யாரும் கவலைப்பட்டதை நான் பார்த்ததில்லை. பொங்கி வழிந்து, எறும்பு பிடித்து, அதற்கு ஏச்சு வாங்குவதுதான் அங்கே நடக்கும். இங்கே வந்த புதிதில் இல்ஃபோர்டில் ஒற்றை அறையில் இருந்தோம். உழுந்தை அரைத்து, அவித்த கோதுமை மாவையும் சேர்த்துக் கரைத்து வைத்தால், இரண்டு நாள் கழித்தும் சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்புபோல அப்படியே கிடக்கும். போர்வையால் சுற்றிப் பார்த்தேன். சுடுதண்ணீர்ப் பையைக் கட்டிப் பார்த்தேன். ஒருநாள் கட்டிலில் எனக்கும் கணவருக்கும் நடுவில் வாளியை வைத்துக்கொண்டு படுத்தேன். "இனி இதுக்கும் ஒரு பேர் வைப்பம்" என்றார் அவர். இந்த அலுமாரி கிடைத்த பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. சூடு வெளியே போகாதபடி தாங்கிக்குச் சிவப்பாக ஒரு தடித்த மேலங்கி போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியதோ வெளியே வருகிற சூடு. மேலங்கியைக் கழற்றிப் பின்வளவுக் கொட்டிலில் போட்டேன். அடுத்த நாள் காலையில் மா வாளியின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நான் பேச்சுக்குக் கூச்சப்படுகிறவள். ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்றுபோனது. ஆங்கிலம் காதுக்கு விளங்கும், வாய்க்கு வராது. தமிழில் மட்டும் பெரிதாகப் பேசிவிடுகிறேனா என்றால் அதுவும் இல்லை. கோயிலில் கடைசி வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, யாரும் காணமுதல் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என் கதவு தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். "அக்கா, மா இருக்கோ?" பக்கத்துத் தெருக்களில் இருக்கிற எங்கள் ஆட்கள். வந்தவர்கள் உடனே போகமாட்டார்கள். நின்றநிலையில் ஒரு தேத்தண்ணி, மருமகளைப் பற்றி ஒரு கதை, மனேஜரைப் பற்றி ஒரு திட்டு. நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். அந்த வாளி இல்லாவிட்டால் என் கதவைத் தட்டுவதற்கு ஒருவருக்கும் ஒரு காரணமும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன குளிர்காலத்தில் பொயிலர் ஒரேயடியாக நின்றது. திருத்தப் பாகம் இல்லை, புதிதுதான் போடவேண்டும் என்றார்கள். கம்பனியிலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தபோது நான் வேலையில் இருந்தேன், பள்ளிக்கூடக் கன்ரீனில். அவர் அறைகளைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களை எண்ணி, காஸ் குழாயை அளந்து, புகைக்குழாய் எந்தச் சுவரால் வெளியே போகலாம் என்று பார்த்து, என் கணவரோடு பேசி எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போயிருந்தார். உங்கள் வீட்டிலும் பொயிலர் மாற்றப்போகிறார்கள் என்றால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை நடக்கிற நாளில் ஒன்றும் தீர்மானிக்கப்படுவதில்லை. அளக்க வருகிற நாளில்தான் எல்லாம் தீர்மானிக்கப்படுகிறது. அன்றைக்கு வீட்டில் நில்லுங்கள்.

"கொம்பி பொயிலர் போடினம்," என்றார் கணவர், சந்தோஷமாக. "பைப்பைத் திறக்க உடன சுடுதண்ணி. தாங்கியே தேவையில்லை, கழட்டி எறிஞ்சிடுவினம். கபேட்டுக்குள்ள சூட்கேசெல்லாம் அடுக்கலாம்."

"அப்ப மா?"

"கடையில வாங்கலாம்தானே. இப்ப ஆரப்பா வீட்டில அரைக்கினம்? கபேட்டை வெறுமையாக்கி வையும், அவ்வளவுதான்."

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், என் கணவரும்தான். ஆனால் வேலைக்கு முதல்நாள் பின்னேரம் துவாய், விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புதிதாகக் கரைத்த மா வாளியை மட்டும் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். பொயிலர் நின்றதால் தாங்கியைக் கரண்டில் சூடாக்கிக்கொண்டிருந்தோம். கடைசி முறை என்றால் கடைசி முறையாக அது பொங்கட்டும் என்று நினைத்தேன்.

காலையில் டெரி என்கிற பெரியவரும் அவருடைய கூட்டாளியும் வந்தார்கள். வாசலிலிருந்து மாடிவரை துணி விரித்தார்கள். கரண்ட், தண்ணீர், காஸ் மூன்றையும் நிறுத்தினார்கள். முன்கூட்டியே சுடுதண்ணீரைப் போத்தல்களில் பிடித்து வைத்திருந்ததால் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க முடிந்தது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கும் முகம் வாடும். ரேடியேட்டர்களுக்குள்ளிருந்த தண்ணீரை வெளியே விட்டபோது, அது ஒயில் மாற்றுகிற கடையில் ஓடுகிற கழிவைப்போலக் கறுப்பாக வந்தது. பயப்பட வேண்டாம், அது பழைய இரும்பின் துரு. வீடு குளிர்ந்துபோக, கணவர் மேலங்கியோடும் தொப்பியோடும் கதிரையில் இருந்து, "ரெண்டு நாளைக்குச் சுடுதண்ணி இல்லையாம்" என்று இழவு வீட்டில் இருப்பவரைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும்தான் தண்ணீர் சுடவைப்போம். இந்த மனிசன் மார்கழிப் பனியில் கிணற்றில் அள்ளிக் குளித்தவர்தான்.

பிறகு டெரி மாடிக்குப் போய் அலுமாரிக் கதவைத் திறந்தார். திறந்த கையோடு மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னுக்கு வந்தார்.

"டெட் மவுஸ்?" என்று என் மகளைக் கேட்டார். அவள் அன்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். இல்லை, மலக்குழாய் வெடித்திருக்கலாம் என்று கூட்டாளி சொன்னார். டோர்ச்சை எடுத்துத் தாங்கியின் பின்பக்கமெல்லாம் அடித்துப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து வாளி மூடி 'டப்' என்று ஒரு பக்கம் எழும்ப, மா நுரைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. "இட்ஸ் அலைவ்!" என்று டெரி கத்தினார்.

"அம்மா! ஏன் இதை எடுத்து வைக்கேல்லை? ஷேமா இருக்கு."

"எனக்கில்லை," என்றேன்.

அதற்குள் டெரி வேறொன்றைக் கண்டுவிட்டார். தாங்கியில் மேலங்கி இல்லை. இத்தனை வருஷமாக நீங்கள் இந்த மாடிப்படியைத்தான் சூடாக்கியிருக்கிறீர்கள், தண்ணீரை இல்லை என்று சொல்லிச் சிரித்தார். சத்தம் கேட்டு மேலே வந்த கணவர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு குளிர்காலமும் காசை மிச்சம்பிடிக்க ரேடியேட்டர்களைத் திருகிப் பூட்டித் திரிந்து, எங்களுக்கு இரண்டு ஸ்வெட்டர் போடச் சொன்னவர் அவர்.

"அதை நீரே கழட்டினது?"

"ஓம். நான்தான். மா புளிக்கத்தானே வேணும்."

நான் நகர்ந்துபோய் அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். மகளிடம், "தாங்கியைக் கழட்டினா இதுக்குள்ள சூட்டுக்கு வேற வழி செய்யோணும். இல்லாட்டிக் கழட்டக்கூடாது எண்டு சொல்லு" என்றேன்.

மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். நடுவில் இரண்டு முறை 'சொரி' வந்தது. 'இஃப் பொசிபிள்' வந்தது. 'நோ வொரீஸ் இஃப் நொட்' என்று முடிந்தது.

"பிள்ளை, நான் சொன்னதைச் சொல்லு. சொரி சொல்லச் சொன்னனானோ?"

"அம்மா, அப்பிடி ரூடா சொல்லேலாது."

டெரி கையை விரித்தார். கடதாசியில் அப்படி ஒன்றும் எழுதவில்லை, இப்போது எல்லோரும் தாங்கியைக் கழற்றத்தான் சொல்கிறார்கள், ஒருவரும் வைத்திருப்பதில்லை என்றார். வேலைத்தலத்தில் சூப்பர்வைசர் பிழையாகச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் நான். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு சத்தமும் இல்லாத என் வாசல் கண்ணுக்குமுன் வந்தது.

"நோ," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "திஸ் கபேட், வோம். நோ வோம், நோ பொயிலர். யூ கோ ஹோம்."

மகள் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டெரி என்னை முதன்முதலாகப் பார்த்தார். பிறகு வாளியைக் காட்டி, இது என்ன, குடிக்கிறதா என்று கேட்டார். சாப்பாடு, பான்கேக் என்று மகள் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். தாங்கிக்குப் போகிற சூட்டுக் குழாய்கள் இங்கேதான் முடிகின்றன, அதில் ஒரு சின்ன ரேடியேட்டரைப் பொருத்தலாம்; ஆனால் வீட்டு ஹீட்டிங் போட்டிருக்கும்போது மட்டும்தான் சுடும் என்றார். கோடையில் மா தானாகப் புளிக்கும், எனக்குக் குளிர்காலம்தான் பிரச்சினை. ஓம் என்று தலையாட்டினேன். அவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: வீட்டில் எல்லா ரேடியேட்டரையும் பூட்டினால் பொயிலருக்குக் கூடாது, ஒன்றாவது பூட்டாமல் திறந்தே இருக்கவேண்டும், அது இதுவாகவே இருக்கட்டும். பூட்டுகிற திருகு வைக்கமாட்டாராம். நான் கணவரைப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்தது. குசினிச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. தண்ணீர் அழுத்தம் காட்டுகிற முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்கவேண்டும், இறங்கினால் தண்ணீர் விடவேண்டும் என்று டெரி காட்டித் தந்தார். பொயிலர் போட்டதற்கான சான்றிதழ் பிறகு தபாலில் வருமாம். கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், வீடு விற்கும்போது கேட்பார்கள். போகும்போது டெரிக்கும் கூட்டாளிக்கும் தோசை சுட்டுச் சம்பலோடு கொடுத்தேன். கூட்டாளி சம்பலைத் தொடவில்லை. டெரி தொட்டார், இருமினார், பிறகு மறுபடியும் தொட்டார். "யூ ஆர் ஹார்ட் வேர்க், லவ்" என்றார். அது புகழ்ச்சியா, திட்டா என்று மகளைக் கேட்டேன். உங்களைச் சமாளிக்கிறது லேசில்லை எண்டுறார், ரெண்டும்தான் அம்மா என்றாள். ரெண்டும் எனக்குச் சரி.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல குளிர். ஜன்னலால் பார்த்தால், தெருவில் வரிசையாக இருக்கிற எல்லா வீட்டுச் சுவர்களிலிருந்தும் ஒரே மாதிரி வெள்ளைப் புகை. எங்கள் வீட்டுப் புகையைத் தனியாகப் பிரித்துக் காட்டவே முடியாது. மாடிக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். தாங்கி நின்ற இடத்தில் சின்ன ரேடியேட்டர், அதன்மேல் பலகை, பலகையில் வாளி. மூடி எழும்பியிருந்தது. புளித்த வாசமும் சூடும் முகத்தில் அடித்தன. முதுகுப் பக்கம் லண்டன் மாடிப்படியின் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே போகவும் இடமில்லை, கதவைச் சாத்தவும் மனமில்லை. அப்படியே நடுவில் நின்றேன்.

கீழே கதவு தட்டுப்பட்டது.

"அக்கா, மா இருக்கோ?"

"ஓம், இருக்கு," என்று நான் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.