அண்ணி பெயரில் என் விரல்

மாதம் ஒருமுறை ரேஷன் கடையில் அந்தச் சின்ன மிஷின்மேல் கட்டைவிரலை வைக்கிறேன். வைத்த உடனே 'கீங்' என்று சத்தம் வரும். "ஆயா ரேகை மட்டும் ஒரே தட்டுல வுழுந்துடுதுப்பா" என்பார் கடைக்காரர். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன்.

அண்ணி என்று நான் கூப்பிட்டது என் வீட்டுக்காரரின் அக்காவை. சின்ன வயதிலேயே தாலி அறுத்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவர். முப்பது வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். சந்தையில் விலை பேசுவது அவர். கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது நான். "இவளுக்கும் சேத்து நான் பேசிடறேன், எனக்கும் சேத்து இவ வெக்கப்பட்டுக்கட்டும்" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். மாசி பங்குனி வந்தால் பகல் முழுக்கக் கல்லின்மேல் புளியை வைத்துக் கொட்டை தட்டுவார். விரல் நுனியெல்லாம் கறுத்து வழவழவென்று இருக்கும்.

காப்பீட்டு அட்டைக்கு ரேகை எடுக்கிறவர்கள் ஒரே ஒரு நாள்தான் எங்கள் மலை ஊருக்கு வந்தார்கள். அன்று அண்ணி புளி உலுக்கப் போயிருந்தார். ரேஷன் கடையில் வீட்டில் யார் விரல் வைத்தாலும் அரிசி போடுவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். அண்ணியின் பெயரைக் கூப்பிட்டபோது நான் போய் உட்கார்ந்து வலது கட்டைவிரலை வைத்தேன். என் பெயர் வந்தபோது இடது விரலை வைத்தேன். மிஷின் வைத்திருந்தவர் தலையே நிமிரவில்லை. அட்டை வந்ததும், "பரவால்லியே, நீகூட ஒரு வேலைய முடிச்சிட்டியே" என்றார் அண்ணி. அவர் மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விரல் விஷயத்தைச் சொல்லாமலே விட்டேன். பிறகு மறந்தும் போனேன்.

நாலு வருடம் அந்த அட்டை அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. சாமை அறுப்பு முடிந்த வாரம், ஒருநாள் விடியும்போது அண்ணிக்கு வயிறு கல்லாக இறுகிவிட்டது. வாந்தி பச்சையாக வந்தது. ஜீப்பில் கலசப்பாக்கம் வரை இறக்கினோம். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் அறுத்தாக வேண்டும், அட்டை இருந்தால் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்வார்கள் என்று அங்கிருந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அண்ணியைச் சக்கர நாற்காலியோடு அருகே தள்ளினோம். அவள் கையைப் பிடித்து மிஷினில் வைத்தாள். "ரேகை வுழல ஆயா. தொடச்சிட்டு வைங்க." துடைத்து வைத்தார். எண்ணெய் தடவியும் வைத்தார். விழவில்லை. "புளி என் ரேகைய தின்னுடுச்சிம்மா. நாக்க வேணா வெக்கட்டா?" என்று அந்த வலியிலும் கேட்டார். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, தாலுகா ஆபீசில் கடிதம் வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் கட்ட வேண்டும் என்றாள். பணத்துக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் கடிதத்துக்கு ஓடினார்.

மூன்றாவது தடவை விரலை அழுத்தியபோதே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு முறை ஜன்னல்வரை போனேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். "இன்னா ஆயா, சத்தமாத்தான் சொல்லுங்களேன்" என்றாள் அந்தப் பெண். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன். போலீஸ் வருமோ, வீட்டில் எல்லோருடைய பெயரையும் அடித்துவிடுவார்களோ என்று பயம். அதைவிட, அத்தனை பேர் முன்னால் வாய் திறக்க வெட்கம். ஆம், வெட்கம்தான். காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அவர் காதில் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தார். "அடிப்பாவி, இத்தன நேரம் வாயில கொழுக்கட்டையா வெச்சினு இருந்த? போ. போய் உன் வெரல வெய்யி."

வைத்தேன். ஒரே தட்டில் விழுந்தது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பிறகுதான் அது யார் கை என்று பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் திட்டவில்லை. "இது வேற ஆள் ரேகைம்மா. இத வெச்சி நாங்க சேக்க முடியாது. வேலூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சொல்றேன், அங்க அட்டை கேக்க மாட்டாங்க. இத காலையிலயே சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பனே" என்றார்.

வண்டியில் நாங்கள் இருவர்தான். "தம்பிகிட்ட சொல்லாத. உன்ன கொன்னுடுவான். புளி தின்னுடுச்சின்னே இருக்கட்டும்" என்றார் அண்ணி. கண்ணமங்கலம் தாண்டியதும் என் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. வேலூரில் இறக்கியவர்கள் நாடி பார்த்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவதை நிறுத்தினார்கள். பொழுது சாயும்போது, பச்சை மையில் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

இந்த மாதமும் ரேஷன் கடைக்கு நானும் அவரும் போனோம். "எங்க அக்கா ரேகைய புளி தின்னுடுச்சி, இல்லன்னா இன்னிக்கும் இருந்திருப்பா" என்று கடைக்காரரிடம் வழக்கம்போலச் சொன்னார். கடைக்காரர் தலையாட்டிவிட்டு மிஷினை என் பக்கம் நகர்த்தினார். விரலை வைத்தேன். உடனே விழுந்தது.