தானாக நடக்கும் காரியங்கள்

பாலிகஞ்சில் ஒரு நர்சிங் ஹோமில் என் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வெளியே நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு, சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்த ஒரு வழுக்கைத்தலைப் பெரியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மனைவிக்கு இதய ஆபரேஷன் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.

"தூங்கறச்சே நம்மை மூச்சு விடச் சொல்றது யாருன்னு யோசிச்சிருக்கேளா ஸார்? மூளைத்தண்டு! நம்மளைக் கேக்கறதே இல்லை."

விக்கல், தும்மல், மயிர்க்கூச்சு என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் என் முழங்காலில் ஒரு தட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார். பொறுக்காமல், வேண்டுமென்றே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டேன்.

"பாத்தேளா, இதுவும் தானா வரதுதான்!" என்று பூரித்துப்போனார்.

நர்ஸ் வெளியே வந்து, அவர் மனைவி நன்றாக இருப்பதாக வங்காள மொழியில் சொன்னாள். பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கைக்குட்டையை நீட்டினேன். மூக்கைச் சிந்திவிட்டு, "இந்தக் கண்ணீர் எந்தச் சுரப்பியிலேருந்து வரதுன்னு தெரியுமோ?" என்றார்.

தெரியாது என்றேன். எழுந்து போக மனம் வரவில்லை. எல்லாம் சொன்னார். அந்த வாயை இயக்குவது எந்த நரம்பு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.