பாதியில் எழுந்து வந்த படம்

பத்தாவதோடு நின்ற நான் எழுத வந்ததற்கு மன்னிக்கவும். போன ஞாயிறு டிவியில் ஒரு பழைய சூப்பர்ஹீரோ படத்தின் இசை கேட்டதும், கடப்பாக்கம் டென்ட் கொட்டகையின் ஈர மணல் வாசமும் பீடிப் புகையும் நினைவுக்கு வந்தன.

சின்ன வயதில் அங்கே இதே படம் பார்த்தபோது, ஹீரோ படகில் நின்றதும் எங்கள் மீனவர்கள் கூச்சல் போட்டார்கள்.

"படகுப் பாய் வடக்க உப்புது, இவன் முதுகுத் துணி தெக்க பறக்குது. இன்னா காத்துடா இது!" என்று கத்திய அப்பா, என்னையும் இழுத்துக்கொண்டு பாதியில் வெளியேறினார். குப்பமே பின்னால் வந்தது. முடிவு தெரியாமல் வழியெல்லாம் அழுதேன்.

போன ஞாயிறு அதே படம் ஓட, அவரை டிவி முன்னால் கூப்பிட்டேன்.

"மறுபடியும் இந்தப் பேஜாரா?"

"முடியறவரைக்கும் குந்துப்பா."

படகுக் காட்சியில் பல்லைக் கடித்தார், ஆனால் எழவில்லை. கடைசியில் வெள்ளத்தில் போன பிள்ளைகளை ஹீரோ கரைசேர்த்தபோது அப்பா டிவிக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் மீன் ஏலத்தில் அப்பா தன் கூட்டாளிகளுக்குப் படத்தின் முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.